கேட்காமல் வந்த கிண்ணம்
ஜப்பானிய மதுக்கடைகளில் கேட்காத பண்டத்தை வைத்து வெளிநாட்டுக்காரர்களிடம் காசு பிடுங்குகிறார்கள் என்று இந்தக் கட்டுரையில் வந்திருப்பதை ஏற்க முடியவில்லை. இசகாயாவில், அதாவது மதுவோடு சிற்றுண்டியும் தரும் கடையில், உட்கார்ந்ததும் வரும் அந்தச் சின்னக் கிண்ணத்துக்கு ஒதோஷி என்று பெயர். ஒசாகா பக்கம் த்சுகிதாஷி என்பார்கள். உட்கார்ந்ததற்கான கட்டணம் மாதிரிதான் அது. பெரும்பாலும் தலைக்கு 300 முதல் 500 யென் ஆகும், பக்கத்து மேசை ஜப்பானியர் பில்லிலும் இருக்கும். டிப்ஸ் கொடுக்கிற வழக்கமே அங்கே இல்லை, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? டோக்கியோ ஷிம்பாஷியில், ரயில் பாலத்துக்கு அடியில் இருந்த ஒரு கடையில் எனக்கு வந்தது இரண்டு வாய் முள்ளங்கி. மேலே ரயில் போகும்போதெல்லாம் கிளாஸில் பியர் நடுங்கியது. பில்லில் 400 யென்னைப் பார்த்து நானும் முதலில் முகம் சுளித்தவன்தான். ஆனால் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், எழுந்திருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. டோஃபு கேட்டால் சைவர்களுக்குக் கவலையில்லை என்று மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, ஹியாயாக்கோ என்று வரும் குளிர்ந்த டோஃபுவின் மேல் மரச்சீவல் போலக் கிடப்பது பெரும்பாலும் கட்சுவோ மீன் சீவல்! என் முள்ளங்கியும் மீன் சாற்றில் வெந்ததுதான். உப்புப் போட்டு அவித்த பச்சை சோயா காய், அதாவது எடமாமே கேளுங்கள், அதில் வம்பில்லை.