பழைய கான்வென்ட் சுவருக்குச் சிமெண்டு பூசாதீர்கள்

பினாங்கின் லெபோ லைட் கான்வென்ட் பள்ளிச் சுவர் ஒன்றில் அமெரிக்க மாலுமிகளின் பெயர்கள் இருக்கின்றன. 1943-இல் மூழ்கிய கிரெனேடியர் நீர்மூழ்கியின் ஆட்களை ஜப்பானியர் அங்கேதான் அடைத்து வைத்தனர். அந்த மாலுமிகள் பெயர்களைக் கீறியது சுவர்க் காரையில். அதைக் கொத்தி எடுத்திருந்தால் அந்தப் பெயர்களும் குப்பை லாரியில் போயிருக்கும்.

குழந்தை இயேசு சபை அருட்சகோதரிகள் 1852-இல் தொடங்கிய பள்ளி அது. அதே ஆண்டு லசால் சகோதரர்கள் தொடங்கிய செயின்ட் சேவியர்ஸின் பழைய கட்டடம் போர்க்காலக் குண்டுவீச்சில் அழிந்தது. பினாங்கில் மிஞ்சியிருக்கும் பழைய பள்ளிச் சுவர்களையாவது நம் கையாலேயே கெடுக்காமல் இருப்போம்.

அந்தக் காலச் சுவர் என்பது மென்மையான செங்கல், சுண்ணாம்புச் சாந்து. தரையிலிருந்து ஓதம் ஏறும். ஏறிய ஈரம் காரை வழியாகவே காற்றில் போய்விடும். அதன்மேல் சிமெண்டு பூசி எமல்ஷன் பெயிண்டும் அடித்தால் ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. அது இன்னும் மேலே ஏறும். கூடவே வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி செங்கல்லின் முகத்தையே உரித்துத் தள்ளும். ஓரிரு ஆண்டில் பெயிண்ட் கொப்பளிக்கும், குத்தகையாளர் இன்னும் கெட்டியாகப் பூசுவார், சேதம் இரட்டிப்பாகும்.

சரியான வழி முதலில் கூரையில் தொடங்குகிறது: உடைந்த ஓடு, அடைத்த மழைநீர்க் குழாய், சுவரோரம் தேங்கும் வாய்க்கால். அவற்றைச் சரிசெய்யாமல் சுவரைத் தொடுவது வீண். பிறகு ஏற்கெனவே பூசிய சிமெண்டை ஈரக்கறைக்கு மேல் ஓர் அடி வரை மெதுவாகக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட வேண்டும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது பொதுக் கணக்கு. ஒன்றரைச் செங்கல் சுவர் ஓர் அடிக்கு மேல் தடிப்பு; அது காய ஓராண்டுக்கு மேல் ஆகும். பள்ளி விடுமுறைக்குள் முடிக்க நினைத்த வேலைகள் பெரும்பாலும் கெடுவது இதனால்தான்.

பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல். கடல் மணல் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள உப்பே சுவரைத் தின்னும். ஒவ்வொரு பூச்சும் சுமார் 10 மில்லிமீட்டர்; வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும், ஈரச் சாக்கால் சில நாள் மூடி வையுங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை, மெல்லிய 4, 5 கோட். சுண்ணாம்பு கண்ணை எரித்துவிடும். கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுப்பணிக்கு வரும் மாணவர்களை இந்த வேலையில் விடாதீர்கள்.

ஆங்கிலேயர் 'சுனம்' என்று ஏடுகளில் எழுதியது நம் சுண்ணாம்பைத்தான். நம் ஆட்களுக்குத் தெரிந்த கைவேலை இது.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு அடுத்த முறை மதிப்பீடு வந்தால், பூச்சு வரிசையில் 'சிமெண்டு' இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.