சாம்பலில் கார்பன் இழை திரிக்க முடியாது

ராமநாதபுரம் மாவட்டத்து உப்பூர் அனல்மின் திட்டத்துக்குச் சம்மதம் கேட்டு நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் காணொலியை எனக்கு அனுப்பாதவர்கள் இனி யாரும் இல்லை என்பதால் அதை மறுபடி விவரிக்கப்போவதில்லை. அனல்மின் நிலையக் கழிவிலிருந்து கார்பன் இழை, அதாவது கரியாலான உறுதியான நூல், எடுத்து எங்கள் வள்ளங்களையே கட்டலாம் என்றவரிடம், "எரிச்ச பெறகு கரி எங்கய்யா மிச்சமிருக்கும்?" என்று கேட்ட திருப்பாலைக்குடிப் பெரியவரை, படித்தவர்கள் பேசும்போது குறுக்கிடாதீர்கள் என்று அடக்கினார்களே, அதுதான் எனக்குச் செரிக்கவில்லை.

பெரியவர் கேட்டதுதான் வேதியியல். நிலக்கரியிலிருந்து கார்பன் இழை வருவது உண்மை. ஆனால் அது எஃகு ஆலைக்கான கோக் (சுட்ட நிலக்கரி) தயாரிக்க, காற்றுப் புகாத அடுப்பில் நிலக்கரியை 1,000 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கும்போது கிடைக்கும் தாரிலிருந்து வருகிறது. தாரைக் காய்ச்சி வடித்தபின் அடியில் தங்கும் பிட்ச்சைத் தூய்மையாக்கி, மூலக்கூறுகள் ஒரே திசையில் அடுக்கப்படும்வரை பதப்படுத்தி, உருக்கி நூலாக இழுத்து, அது மீண்டும் உருகாதபடி காற்றில் மெல்லச் சூடேற்றி, அதன்பின் ஆக்சிஜன் இல்லாத உலையில் கரியாக்குகிறார்கள். உயர்தர இழைக்கு வெப்பம் 3,000 டிகிரியை நெருங்க வேண்டும். அவற்றில் சில எஃகைவிட நான்கு மடங்கு விறைப்பானவை, செம்பைவிட நன்றாக வெப்பத்தைக் கடத்துபவை, செயற்கைக்கோள்களில் பயன்படுகின்றன. அனல்மின் நிலையமோ நிலக்கரியை எரித்துவிடுகிறது. கார்பன் புகைபோக்கி வழியே போய்விட, மிஞ்சுவது பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும். அந்தச் சாம்பலில் சிமெண்டும் செங்கல்லும் செய்யலாம், கார்பன் இழை திரிக்க முடியாது.

என் அப்பா ஃபைபர் வள்ளம் பழுது பார்ப்பவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஈரம் ஏறிய நாளில் கண்ணாடி இழை விரிப்பைத் தொட்டுப் பார்த்தே, இன்றைக்கு ரெசின் பூச வேண்டாம் என்று எழுந்துவிடுவார். மணலில் இழுபட்டுப் பாறையில் முட்டும் வள்ளத்துக்கு, விறைப்பு மிகுந்து எளிதில் நொறுங்கும் பிட்ச் இழை எதற்கு என்று அவர் கேட்பார். கடல்நீரில் கார்பனைத் தொட்டிருக்கும் இரும்பும் அலுமினியமும் விரைவாக அரித்துப்போகும் என்பதையாவது மேடையில் இருந்த படித்தவர்கள் சொல்லியிருக்கலாம்.

நான் அறிவியலுக்கு எதிரி என்று எழுத விரல் துடிப்பவர்களுக்கு: 1989இல் ஏவிய அக்னி ஏவுகணையின் முனையை வெப்பத்திலிருந்து காத்தது கார்பன் கலப்புப்பொருள், அதை உருவாக்கிய ஏவுகணைத் திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம். எங்களுக்கா கார்பன் பாடம்? நிலக்கரியைக் கரைப்பானில் கரைத்து நேரடியாகப் பிட்ச் எடுக்கும் ஆய்வுகள் நடக்கின்றனவே என்பது நியாயமான கேள்வி. ஆனால் அங்கும் நிலக்கரியை எரிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். மின்சாரம் வேண்டாமா என்பவர்கள் இதே மாவட்டத்தில் கமுதியில் இருக்கும் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைப் போய்ப் பார்க்கட்டும். இரவில் சூரியன் உண்டா என்ற மேதைமைக்கு நான் பதில் சொல்வதாக இல்லை.

2021இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உப்பூர் திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. நேராகக் கேட்டுக் கிடைக்காத சம்மதத்தை இப்போது செயற்கைக்கோள் இழையைக் காட்டி வாங்கப் பார்க்கிறார்கள். மீன்பிடிப்பவர்களுக்கு இந்த அளவு விளக்கம் போதும் என்று நினைத்தார்கள் அல்லவா, அந்த நினைப்புதான் சுடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, இந்தக் கரையில் எந்தக் கோக் அடுப்பில் தார் வடியப்போகிறது என்பதைக் காகிதத்தில் எழுதி, கையொப்பமிட்டு எடுத்து வரட்டும்.