ஒலி ஒப்புமை மட்டும் போதாது

‘உடைத்தாயிரு’ எனப் பொருள்படும் ஆங்கில ‘ஹேவ்’, ஜெர்மன் ‘ஹாபென்’ ஆகிய வினைகளும், அதே பொருளுடைய லத்தீன் ‘ஹபேரே’யும் ஒரே வேரில் பிறந்தவை என்னும் கருத்து, ஒலியும் பொருளும் ஒத்திருப்பதால் நம்பத் தோன்றினாலும், சரியன்று. ஜெர்மானிய மொழிகளின் (ஆங்கிலம், ஜெர்மன் முதலியவை) மெய்யொலிகள் முறையாகத் திரிந்ததைக் கூறும் கிரிம் விதிப்படி, இம்மொழிகளுக்கும் லத்தீனுக்கும் பொது மூதாதையான மூல இந்தோ-ஐரோப்பியத்தின் சொல்முதல் ‘க்’ ஒலி ஜெர்மானியத்தில் ‘ஹ்’ ஆகத் திரியும். லத்தீனில் கொம்பைக் குறிக்கும் ‘கோர்னு’ ஆங்கிலத்தில் ‘ஹார்ன்’ என்று நிற்பதைப் பாருங்கள். ஆகவே ‘ஹேவ்’ வினைக்கு லத்தீனில் உண்மையான உறவு, ‘பற்று, பிடி’ என்னும் பொருளுடைய ‘கபெரே’தான், பிடித்திருப்பதே உடைமையாயிற்று. லத்தீன் ‘ஹபேரே’க்கு உறவாகப் பலர் காட்டுவதோ, வேடிக்கையாக, ‘கொடு’ எனப் பொருள்படும் ஆங்கில ‘கிவ்’! வினைத்திரிபும் ஜெர்மானியத்துக்கே உரியது: வழக்கொழிந்த பழைய ஜெர்மானிய மொழியான கோத்திக்கில், ‘ஹேவ்’ வினைக்கு இணையான ‘ஹபன்’ என்பதன் இறந்தகாலம், பல்லொலி விகுதி (நாக்கு பல்லருகே பட்டுப் பிறக்கும் ஒலியுள்ள விகுதி) பெற்று ‘ஹபைதா’ என வரும், ‘ஹேவ்’ வினையின் இறந்தகாலமான ஆங்கில ‘ஹேட்’ வடிவத்தின் ஈற்றொலி அவ்விகுதியின் எச்சமே.