+5:30 எண்டு எழுதினா அது நேர வலயம் இல்லை!

அது யூ.ரி.சி. எண்ட உலகப் பொது நேரத்துக்கும் எங்கட நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். வலயம் எண்டா அந்த வித்தியாசம் எப்ப மாறும் எண்ட விதியும் சேர்ந்தது. கோட் எழுதிறவைக்கு எத்தனை தரம் சொன்னாலும் கேக்கினமில்லை. "நேரம் எல்லாத்தையும் யூ.ரி.சி.யில சேமி, பிரச்சினை வராது" எண்டதை மந்திரம் மாதிரிப் பாடமாக்கி வச்சுக்கொண்டு, கிழமைக்குக் கிழமை ஓடவேண்டிய வேலைக்கும் அதையே போடினம். நடந்து முடிஞ்சதுக்கு அது சரி. காசு கட்டின நேரம், உள்ள வந்த நேரம் எல்லாம் யூ.ரி.சி.யில கிடக்கட்டும். இனி வரப்போற சனிக்கிழமையளுக்கு அது முழுப் பிழை!

யாழ்ப்பாணத்தில இருந்து ரொறன்ரோப் பிள்ளையளுக்கு ஒன்லைன் வகுப்பு எண்டு வையுங்கோ. சனி காலை 9 மணி, ரொறன்ரோ நேரம். கோடையில அது எங்களுக்குப் பின்னேரம் 6:30, யூ.ரி.சி.யில 13:00. கோட் எழுதினவர் 13:00ஐப் போட்டிட்டுப் போட்டார். 2026 நவம்பர் 1 அங்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பினம். அடுத்த சனி ரீச்சர் 6:30க்கு வந்து திரைக்கு முன்னால இருக்கிறா. அங்க காலை 8 மணி, பிள்ளை நித்திரை. லண்டன் பிள்ளையளும் அதே வகுப்பில எண்டா இன்னும் மோசம். அதே 2026இல ரொறன்ரோ மார்ச் 8 மாறும், லண்டன் மார்ச் 29 தான் மாறும். அந்த மூண்டு கிழமையும் ரெண்டுக்கும் இடையில 5 மணித்தியாலம் இல்லை, 4!

சேமிக்க வேண்டியது கிழமை நாள், "09:00", "அமெரிக்கா/ரொறன்ரோ" (America/Toronto) எண்ட வலயப் பெயர். யூ.ரி.சி. நேரத்தை அடுத்த ஒரு தடவைக்கு மட்டும் கணக்கிடுங்கோ. அது ஓடி முடிய, அதுக்கடுத்தது. 86,400 செக்கனை, அதாவது 24 மணித்தியாலத்தைக் கூட்டிப்போட்டு "நாளைக்கு" எண்டு சொல்லாதேங்கோ. மார்ச் 8 ரொறன்ரோவில 23 மணித்தியாலம்தான், நவம்பர் 1க்கு 25.

ஆற்றை மணிக்கூடு எண்டதை முதல் கேளுங்கோ. நல்லூர்ப் பூசையை நேரலையாப் போடுறதெண்டா "ஆசியா/கொழும்பு" (Asia/Colombo). பூசை நேரத்துக்கு நடக்கும். மாறுறது ரொறன்ரோவில இருந்து பாக்கிறவையின்ர நேரம்.

"எங்கட நாட்டில நேரம் மாறாதுதானே, +5:30ஐ அப்பிடியே எழுதினா என்ன?" எண்டு கேக்கிறவைக்கு: 1996 மே மாதம் +6:30, அதே வருசம் ஒக்டோபரில +6:00, 2006 ஏப்ரலில திரும்ப +5:30. வன்னியில அந்தப் பத்து வருசமும் பழைய நேரம்தான் ஓடினது. இதுக்குள்ளால வந்த சனம் நாங்கள், எங்களுக்கே இதைச் சொல்லித்தர வேண்டிக் கிடக்கு!

கிறோன் (cron), அதுதான் குறிச்ச நேரத்துக்கு வேலையளைத் தானா ஓடவைக்கிற புரோகிராம், இன்னொரு தலையிடி. சேர்வர் யூ.ரி.சி.யில ஓடுது. எங்கட திங்கள் விடிய 5 மணி எண்டா 30 23 * * 0 (முதல் நிமிசம், பிறகு மணி, கடைசி கிழமை நாள், 0 எண்டா ஞாயிறு), ஏனெண்டா யூ.ரி.சி.யில இன்னும் ஞாயிறு. கடைசியில 1 எண்டு போட்டா செவ்வாய்தான் ஓடும். மாதம் முதலாம் திகதி விடிய 5 எண்டா அங்க போன மாதக் கடைசி நாள். அதைச் சொல்லக் கிறோனுக்கு வழியே இல்லை. திகதிக்கு 28-31 எண்டு போட்டு, ஸ்கிரிப்டுக்குள்ள "இங்க இண்டைக்கு ஒண்டாந் திகதியோ" எண்டு பாக்கவேணும். டெபியன் லினக்ஸில கிறோன்ரப் எண்ட கிறோன் அட்டவணைக்குள்ள வலயத்தை எழுதினாலும் ஓடுற நேரம் மாறாது, கட்டளைக்கு உள்ளுக்கு மட்டும்தான் மாறும். லினக்ஸில கிறோனுக்குப் பதிலாப் பாவிக்கிற சிஸ்ரம்டி ரைமரில நேரத்துக்குப் பின்னால வலயப் பெயரை எழுதலாம், கொண்டெய்னர்களை ஓடவைக்கிற குபெர்நெட்டிஸிலயும் 1.27 பதிப்பில இருந்து அது நிலையான வசதி. அல்பைன் எண்ட சின்ன லினக்ஸின்ர டொக்கர் (கொண்டெய்னர்) இமேஜில நேர வலயத் தரவுப் பொதி தானா வராது. நீங்கள் கொழும்பு எண்டு எழுதுவியள், அது ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் யூ.ரி.சி.யில ஓடும்!

விடிய 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையில ரொறன்ரோ வேலையை வைக்காதேங்கோ. மார்ச் 8 அங்க 2:30 எண்டொரு நேரமே இல்லை. அதை விடுறதோ தள்ளுறதோ எண்டது லைப்ரரிக்கு லைப்ரரி வேற. நவம்பர் 1இல 1:30 ரெண்டு தரம் வரும், பில் அனுப்பிற வேலையை அப்ப வச்சா ரெண்டு தரமும் பில் போகலாம். வேலையின்ர பெயரையும் உள்ளூர்த் திகதியையும் சேர்த்து டேற்றாபேஸில தனித்துவச் சாவியா (unique key, ஒரே பெறுமதி ரெண்டாந் தரம் வர விடாது) போடுங்கோ. ரெண்டாவது பில் அதிலயே முட்டி நிண்டிடும்.