ஜனவரி வரைக்கும் காத்திருக்காதீர்கள், உள்ளான் வந்தாச்சு

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வட சென்னையின் எண்ணூர் விரைவுச் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு, தூண்டில் வளைவின் (கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிய கற்சுவர்) நுனிவரை நடந்துபோய் உட்கார்ந்தேன். இன்னும் ஆடி முடியவில்லை. மேல்காற்று முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி ஒரு உள்ளான் (வடக்கிலிருந்து வலசை வரும் சின்னக் கரைப்பறவை), ஸ்பிரிங் வைத்த பொம்மை மாதிரி பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி, பாறை இடுக்கில் எதையோ கொத்திக்கொண்டிருந்தது. சாதா உள்ளான்தான். பெயரிலேயே சாதா. ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்னால் அது காஷ்மீரிலோ அதற்கும் வடக்கேயோ ஏதோ ஓர் ஓடைக்கரையில் இருந்திருக்கும்.

படம் எடுத்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "சீசன் இன்னும் ஆரம்பிக்கலையே சார்" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரிதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

சென்னையில் பறவை பார்க்கிறவர்களுக்கு (நானும் அந்தக் கூட்டம்தான், தனியாக யாரையும் திட்டவில்லை) சீசன் என்றால் பொங்கலை ஒட்டிய நாட்கள். பழவேற்காட்டில் பூநாரை, பள்ளிக்கரணையில் வாத்து. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் 1987-லிருந்து ஜனவரியில்தான் நடக்கிறது. கணக்குக்கு அது சரி. அந்த மாதத்தில் வந்தவை வந்த இடத்தில் தங்கியிருக்கும், எண்ணுவது எளிது. ஆனால் ஜனவரியில் கரையோர உள்ளான்களை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? மேலே சாம்பல், கீழே வெள்ளை, எல்லாம் ஒரே மாதிரி. எது எதுவென்று பிரித்துச் சொல்வதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

ஆடிக் கடைசியிலும் ஆவணியிலும் வருகிறவை கல்யாண உடுப்பை, அதாவது இணை சேரும் காலத்து நிறத்தை, கழற்றாமலே வந்து இறங்குகின்றன. கர்ல்யூ சாண்ட்பைப்பர் என்று வளைந்த அலகுள்ள ஓர் உள்ளான் இருக்கிறது. அதன் வயிறு இப்போது செங்கல் நிறத்தில், அங்கங்கே வெளுத்து, பாதியில் சுண்ணாம்பு தீர்ந்துபோன சுவர் மாதிரி இருக்கும். திபெத், லடாக் மேட்டு நிலங்களில் கூடு கட்டிவிட்டு வரும் உப்புக்கொத்திகளின் மார்பில் ஆரஞ்சுப் பட்டை இன்னும் முழுதாக மங்கியிருக்காது. ஐப்பசி வருவதற்குள் எல்லாம் உதிர்ந்து சாம்பலாகிவிடும். நிறத்தோடு பார்க்க நமக்குக் கிடைப்பது இந்தச் சில வாரங்கள், அப்புறம் அவை கிளம்பும் சித்திரை. சித்திரை வெயிலில் அந்தக் கல்லில் உட்கார முடியாது.

வருகிற வரிசையும் ஒரு கதை. இந்தக் கர்ல்யூ சாண்ட்பைப்பரில் ஆண், அடைகாப்பதில் பங்கே எடுக்காது. சைபீரியாவின் வட கோடியில் ஜூலை பிறந்ததுமே மூட்டை கட்டிவிடும். பின்னால் பெண்கள். கடைசியாக அந்த வருஷத்துக் குஞ்சுகள், வழிகாட்ட பெரியவர்கள் யாரும் இல்லாமல், கிட்டத்தட்ட 7,000 கிலோமீட்டர். நான் ஆடியில் பார்த்த செங்கல் வயிற்றுக்காரர்கள் பெரும்பாலும் பொறுப்பில்லாத அப்பாக்களாகத்தான் இருப்பார்கள். இதை வீட்டில் சொன்னேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, பார்த்த பார்வை போதும்.

கொசு உள்ளான் என்று இன்னொன்று, 25 கிராம் சுமார். மூன்று சின்ன வெங்காயம் எடை. அதுவும் அந்த ஆர்க்டிக் பக்கத்திலிருந்துதான் வருகிறது.

உட்கார்ந்த இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கரையில் கடலுக்குள் நீளும் பாறை முனை எதுவும் கிடையாது, முழுக்க மணல் கரை. இங்கே கடல் வருஷம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகிறது. 1870-களில் துறைமுகச் சுவர் எழும்பத் தொடங்கியதும் அந்த மணல் தெற்கே தேங்கியது. மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை தேய்ந்தது. அங்கே ஊர் உலா வர மணல், இங்கே தெருவையே கடல் தின்றது. அதற்குப் பிறகு கொட்டியவைதான் இந்தக் கருங்கற்கள். மணலில் நின்ற பறவைகளுக்கு இடம் போனது, பாறை பிடித்தவை வந்து குடியேறின. கல்லைப் புரட்டித் தின்னும் கல்திருப்பி உள்ளானும் கரைக்கொக்கும் இங்கே நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்தே வரும். (கல்லில் ஏறும்போது கால் வைக்கிற இடத்தைப் பார்த்து வையுங்கள். ஏனென்று விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.)

இன்னும் வடக்கே போனால் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். நீர் வற்றும் நேரம் பார்த்துப் போனால் சேற்றுத் திட்டில் பவளக்காலி, மணல் திட்டில் ஆலாக் கூட்டம். ஆலா எங்கே விழுகிறதோ அங்கே மீன் இருக்கிறது என்பது அங்கே வலை போடுகிறவர்களுக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துவிடும். எனக்கு அது தெரியவே நாற்பது வயதும் ஒரு பழைய பைனாகுலரும் தேவைப்பட்டன. நெட்டுக்குப்பத்தில் மீன் விற்கும் ஓர் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா கண்ணு, கொக்கு பாக்கவா இம்மாந்தூரம் வந்துகினு கீற?" என்பார். அதே அம்மாதான் ஒருநாள், "வெள்ள மூக்கு நீட்டமா ஒண்ணு நேத்து வந்துச்சே, அத்த பாக்கலயா நீ?" என்று என்னை மாட்டிவிட்டார். நான் பார்க்கவில்லை. அது என்ன பறவை என்று இன்றைக்கும் தெரியாது.

பைனாகுலர் என்றதும் இன்னொன்று. துறைமுகம், அனல்மின் நிலையம் பக்கம் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றால் காவலாளி வந்து விசாரிப்பார். என்னை இரண்டு முறை நிறுத்தியிருக்கிறார்கள். பறவை என்றால் நம்பமாட்டார்கள். ஒருமுறை அவரிடமே கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஐந்து நிமிஷம் திருப்பித் தரவில்லை.

இப்போது என் வருத்தத்துக்கு வருகிறேன். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது கேமராக்கள் வந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் இறங்கி, கூழைக்கடாக்கள் கறுத்துப்போய் நின்றபோது மறுபடி வந்தன. வரத்தான் வேண்டும், அந்தப் படங்கள் இல்லாவிட்டால் யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். ஆனால் எண்ணெய் பூசிய கூழைக்கடாவைத் தெரிந்த அளவுக்கு, சும்மா ஒரு புதன்கிழமை காலையில் மடவை பிடித்துத் தின்றுகொண்டிருக்கும் கூழைக்கடாவை இந்த ஊருக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கம் அடிபட்டால்தான் செய்தி. அடிபடாத நாட்களின் கணக்கு எங்கேயும் இல்லை. நாளைக்கு ஏதாவது ஒரு திட்ட அறிக்கையில் "இப்பகுதியில் குறிப்பிடத்தக்க பறவைகள் இல்லை" என்று ஒரு வரி வந்தால், மறுக்க நம் கையில் என்ன இருக்கிறது? ஜனவரியின் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலா?

அதனால்தான் பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்ட் செயலியில் வாரம் ஒரு பட்டியல் போடத் தொடங்கினேன். சில வாரம் காக்கை, மைனா, மடையான், செம்பருந்து, அவ்வளவுதான். அதையும் போடுகிறேன். தென் சென்னையில் ஒரே குளத்துக்கு ஒரே காலையில் நாலு பேர் பட்டியல் போடுகிறார்கள். அதில் ஒருவர் ரயில் ஏறி இந்தப் பக்கம் வந்தால் குறைந்தா போய்விடுவார்?

வரும் ஞாயிறு ஐந்தே முக்காலுக்கு விம்கோ நகர் மெட்ரோ வாசலில் நிற்கிறேன். தொப்பி, தண்ணீர், பழைய செருப்பு. எட்டரைக்கு மேல் வெயில் ஏறிவிடும், அதற்குள் முகத்துவாரம் வரை போய்த் திரும்பிவிடலாம். அந்த நீள மூக்கு மறுபடி வந்ததா என்று மீன்கார அம்மாவிடம் கேட்க வேண்டியிருக்கிறது.