மூன்றாவது சவ்வு வந்தால் "இதேபோல்" செல்லாது

கணிதத்தில் எனக்கு அறவே ஆகாத சொல் ஒன்று உண்டென்றால் அது "இதேபோல்". இரண்டுக்கு நிரூபித்துவிட்டு, "இதேபோல் மூன்றுக்கும்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நானும் அதைச் செய்திருக்கிறேன். ஒரு கருத்தரங்கில் அப்படிச் சொன்னபோது பின்வரிசையிலிருந்து "எப்படி?" என்று ஒரு குரல் வந்தது. பத்து நிமிடம் சாக்பீஸும் கையுமாகப் பலகைமுன் நின்றேன். விஷயம், அடுக்கி வைத்த சவ்வுகள்.

சவ்வு என்றால் ஒரு வளையத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய ரப்பர் தாள். அதற்கு அடியில் இன்னொன்று. ஒவ்வொன்றின்மேலும் ஒரு விசை. தாள்கள் ஒன்றையொன்று தொடலாம், ஊடுருவக் கூடாது. மொத்த ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் நிலையில் அவை போய் அமரும். எங்கே ஒட்டும், எங்கே விலகும் என்று முன்கூட்டி யாரும் கோடு போட்டுத் தருவதில்லை. தீர்வே அதை முடிவு செய்கிறது. ஒட்டிய பகுதியின் விளிம்புதான் கட்டற்ற எல்லை. அது வழவழப்பான கோடா, கந்தலாகக் கிழிந்ததா என்பதுதான் கேள்வி. கொஞ்சம் நெளிந்தால்தான் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தொடக்கத்தில் நம் கையில் இருப்பது வெறும் ஒரு புள்ளிக்கணம். அதைக் கோடு என்று அழைப்பதற்கே நிரூபணம் வேண்டும்.

இரண்டு சவ்வு என்றால் ஒரு குறுக்குவழி இருக்கிறது. இரண்டின் உயரங்களையும் கூட்டினால், தொடும் இடத்தில் ஒன்று மற்றதைத் தள்ளும் விசை அடிபட்டுப் போகும். மிஞ்சுவது இடைவெளி. அது பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது, அவ்வளவுதான். இதுதான் பழைய தடைக் கணக்கு: ஒரே சவ்வு, தாண்டக் கூடாத ஒரு தரை. 1977இல் கணிதவியலாளர் லூயிஸ் கஃபரெல்லி காட்டியது இது: எல்லைப் புள்ளி ஒன்றை உருப்பெருக்கிக்கொண்டே போனால் இரண்டில் ஒன்றுதான் தெரியும். ஒன்று, ஒரு பக்கம் பூஜ்யம், மறுபக்கம் பரவளையம். அங்கே எல்லை வழவழப்பானது. இல்லையென்றால் எல்லாப் பக்கமும் பரவிய இருபடிக் கோவை; அங்கே ஒட்டிய பகுதி ஊசிமுனைபோல் மெலிந்துவிடும். அந்த மோசமான புள்ளிகள் பொதுவாகத் தோன்றுவதே இல்லை என்று ஷேஃபர் 1974இல் ஊகித்ததை, நான்கு பரிமாணம் வரை ஃபிகாலி, ரோஸ்-ஓட்டோன், செர்ரா மூவரும் 2020இல் நிரூபித்தார்கள். கஃபரெல்லிக்கு 2023இல் கணிதத்தின் உயரிய விருதுகளில் ஒன்றான ஏபெல் பரிசு. (இரண்டு சவ்வுக் கணக்கை 1971இல் ஆராய்ந்தவர் வெர்காரா கஃபரெல்லி. அவர் வேறு, இவர் வேறு. நான் வெகுநாள் குழம்பியிருக்கிறேன்.)

சரி, மூன்றாவது சவ்வைப் போடுவோம். மேல் சவ்வைக் கீழே அழுத்தும் விசை 1. நடுச்சவ்வுக்கு 0. அடிச்சவ்வை மேலே தள்ளும் விசை 1. இப்போது இரண்டு இடைவெளிகள்: மேலே ஒன்று, கீழே ஒன்று. மூன்றும் விலகி நிற்கும் இடத்தில் மேல் இடைவெளியின் லாப்லாசியன், அதாவது அது எவ்வளவு வளைகிறது என்பதன் அளவு, 1. அடி இரண்டும் ஒட்டிக்கொண்டால்? அடியிலிருந்து வரும் விசையை இரண்டும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும். நடுச்சவ்வு இப்போது மேல்நோக்கி அரை விசையோடு தள்ளப்படுகிறது. மேல் இடைவெளியின் லாப்லாசியன் ஒன்றரைக்குத் தாவிவிடுகிறது.

அந்தத் தாவலில்தான் நான் மாட்டிக்கொண்டேன். மேல் இடைவெளியின் சமன்பாட்டில் வலப்பக்கம் திடீரென்று மாறுகிறது. மாறும் இடமோ கீழ் இடைவெளியின் கட்டற்ற எல்லை. அதுவும் நமக்குத் தெரியாத ஒன்று. கீழ் இடைவெளிக்கும் இதே கதி, மேல் எல்லையால். ஒன்றின் ஒழுங்கைக் காட்ட மற்றதன் ஒழுங்கு வேண்டும். பழைய கோட்பாடோ வலப்பக்கம் தொடர்ச்சியாக இருந்தால்தான் வேலை செய்யும். இரண்டு எல்லைகளும் தள்ளித் தள்ளி இருக்கும்வரை கவலையில்லை. ஒவ்வொன்றின் அருகிலும் வலப்பக்கம் மாறிலிதான். சந்திக்கும் புள்ளியில்தான் சிக்கல்.

அந்தப் புள்ளியை ஒரே பரிமாணத்தில் எழுதிப் பார்க்கலாம். இரண்டு இடைவெளிகளும் அந்தப் புள்ளிக்கு வலது திசையிலேயே திறந்தால், இரண்டுமே தூரத்தின் வர்க்கத்தில் பாதி. ஒன்று வலது திசையிலும் மற்றது இடது திசையிலும் திறந்தால், ஒவ்வொன்றும் தூரத்தின் வர்க்கத்தில் முக்கால். இரண்டுமே செல்லுபடியாகும் தீர்வுகள். ஒரே சவ்வடுக்கு, அதே விசைகள், ஆனால் உருப்பெருக்கினால் தெரியும் படம் வேறு. ஒரு பக்கம் மட்டும் திறக்கும் பரவளையத்துக்கே இப்படி இரண்டு அளவு இருப்பதை இரண்டு சவ்வுக் கணக்கில் எவ்வளவு தேடினாலும் பார்க்க முடியாது.

மூன்றோ அதற்கு மேலோ உள்ள சவ்வுகளைச் சிப்போவும் வெர்காரா கஃபரெல்லியும் 1985இலேயே ஆராய்ந்துவிட்டார்கள். ஆனால் எல்லைகள் சந்திக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதில் சவினும் யூவும் இறங்கியது 2019 வாக்கில். ஒரு "இதேபோல்" போதுமாக இருந்திருந்தால் நடுவில் இத்தனை வருடம் ஆகியிருக்காது. இன்னும் பாடக்குறிப்புகளில் இந்தக் கணக்கு ஒரு வரியோடு முடிவதைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது. குறைந்தபட்சம் அந்த ஒன்றரையையாவது எழுதிக் காட்டுங்கள். இரண்டு வரிதான் ஆகும்.