ராத்திரி டூட்டியில் ஊசி குத்தினால் நர்ஸ் யாரைக் கூப்பிடுவார்?

எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குப் பிரசவம் பார்க்காமல் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள், காயத்துக்குக் கட்டுப் போட மறுத்தார்கள், தனிக் கட்டிலில் ஒதுக்கினார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் நாம் கொதிக்கிறோம். கொதிக்கத்தான் வேண்டும், அது சட்டப்படியே தவறு. ஆனால் நம்முடைய கோபம் எப்போதும் அன்றைக்கு அங்கே டூட்டியில் இருந்த நர்ஸோடு நின்றுவிடுகிறது. அவர் கையில் நல்ல கையுறை இருந்ததா, ஊசி குத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லிக் கொடுத்தார்களா, அந்த நேரத்தில் கூப்பிட ஒரு ஆள் உண்டா என்றெல்லாம் நாம் கேட்பதில்லை. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பி.எச்.சி.) வேலை பார்ப்பவர்களுக்கு இந்த ஏற்பாடுகளைச் செய்து தராமல் மனிதாபிமானத்தை மட்டும் கேட்டு வாங்கப் பார்க்கிறோம். நோயாளி ஒதுக்கப்படுவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

என் சித்தி பல வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவர். 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் பி.எச்.சி.தான், ஆனாலும் ராத்திரியில் ஒரே நர்ஸ், கூட ஒரு ஆயாம்மா. ஒரு நாள் நடுராத்திரியில் வலியோடு ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். வேறு ஊரிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்தவள். கர்ப்பகாலப் பரிசோதனை முடிவுகள் எழுதிய அட்டையைப் புருஷன் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். குழந்தை பிறந்து, தையல் போடும்போது கரண்ட் போய்விட்டது. சித்தியின் இடது கை ஆள்காட்டி விரலில் ஊசி கையுறையைத் தாண்டி இறங்கிவிட்டது. குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மிச்சத் தையலையும் போட்டு முடித்திருக்கிறார். அப்புறம்தான் பயம் பிடித்திருக்கிறது. "விடியிற வரைக்கும் விரலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேம்ப்பா. யாருக்குப் போன் பண்றதுன்னு ஒண்ணும் ஓடல" என்று சொல்வார். காலையில் லேப் டெக்னீஷியன் வந்து அந்தப் பெண்ணுக்குச் சோதித்துப் பார்த்ததில் தொற்று இல்லை என்று தெரிந்தது. சித்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு, அட்டை இல்லாமல் வரும் கேஸ் என்றால் ஜி.எச்.சுக்கு அனுப்பிவிடலாமா என்றுதான் முதலில் மனசு போகும் என்றார்.

சித்தி அன்றைக்கு விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் சாதாரண நேரம் இல்லை. எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு சராசரியாக 0.3 சதவீதம்தான். அதையும் தடுக்க மாத்திரை இருக்கிறது. முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், தவறினாலும் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும். குத்திய இடத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவினால் போதும், பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது. ஒரு பக்கத்தில் எழுதிப் பிரசவ அறைச் சுவரில் ஒட்டிவிடக்கூடிய விஷயம் இது. முதல் வேளை மாத்திரை அதே கட்டடத்தில், ராத்திரியிலும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மருந்து ஸ்டோர் சாவி பார்மசிஸ்ட்டிடம், பார்மசிஸ்ட் வீட்டில் என்றால் அந்த மாத்திரை இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இதையெல்லாம் சலுகையாகக் கேட்கவில்லை. 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் என்றாலே நோயாளியின் உரிமை மட்டும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. தொற்று அபாயம் உள்ள இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்குப் பாதுகாப்புச் சாதனமும், அதைப் பயன்படுத்தப் பயிற்சியும், ஊசி குத்தினால் தடுப்பு மருந்தும் கொடுக்க வேண்டியது அந்த நிறுவனத்தின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. சிகிச்சை மறுக்கக் கூடாது, சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்ற பிரிவுகளை நர்ஸுக்குப் படித்துக் காட்டுகிறவர்கள் இந்தப் பிரிவையும் சேர்த்துப் படித்துக் காட்ட வேண்டும்.

பாதுகாப்புக் கொடுக்காமல் வேலை வாங்குவதில்தான் நம் ஊரில் இந்தக் கதையே தொடங்கியது. 1986-இல் சென்னையில் நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். கையுறை கூட இல்லாமல் எடுத்த மாதிரிகள் அவை. வேலூரில் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. அனுபவம் குறைந்த ஒரு இளம் பெண்ணின் துணிச்சலை நம்பி ஆரம்பித்த வேலை. அது நடந்து சுமார் 40 வருஷம் ஆகப் போகிறது. இன்னும் கடைசிப் படியில் நிற்பவரின் துணிச்சலை நம்பியே ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நடந்த நல்லதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் தொற்று இருந்தது, அதிகப் பாதிப்புள்ள மாநிலங்களில் ஒன்றாக நாம் இருந்தோம். நாமக்கல் லாரித் தொழிலைச் சுற்றி அப்போது இருந்த பயம் பலருக்கு ஞாபகம் இருக்கும். நாட்டிலேயே முதலாவதாக 1994-இல் இங்கே மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) சிகிச்சை தொடங்கிய ஆஸ்பத்திரிகளில் தாம்பரமும் ஒன்று. மருந்து இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை. ஒழுங்காக மருந்து கொடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது என்பதும் இன்றைக்கு உறுதியான விஷயம். ஆனால் எய்ட்ஸ் என்றாலே மண்டை ஓடு போட்டுப் போஸ்டர் ஒட்டிய காலத்தில் பயிற்சி எடுத்தவர்கள் பலர் இன்னும் பணியில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புதுப் பாடம் போய்ச் சேர வேண்டும். மாவட்டத் தலைநகரில் ஏ.சி. ஹாலில் ஒரு நாள் கூட்டம் போட்டு டீ, பிஸ்கட்டோடு அனுப்பினால் அது நடக்காது. பி.எச்.சி.க்கே வந்து, அங்கே இருக்கும் தட்டையும் ஊசியையும் வைத்துக் காட்ட வேண்டும்.

கிராம சுகாதார செவிலியரின் கஷ்டம் வேறு மாதிரி. வீட்டில் கர்ப்பிணியும் இல்லை, கைக்குழந்தையும் இல்லை, ஆனால் நர்ஸம்மா அந்த வாசலில் மாதத்தில் இரண்டு தடவை நிற்கிறார் என்றால் எதிர்த் திண்ணையில் பேச்சு கிளம்பிவிடும். பாதி ஊர் அவருக்கு அக்கா தங்கச்சி முறை, மீதி ஊர் மாமா மச்சான் முறை. "அந்தப் பிள்ளை ஏன் இளைச்சிருக்கு?" என்று கேட்கும் பெரியம்மாவுக்குப் பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல் நகர வேண்டும். மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துப் போடுகிறவர்கள், கிலுகிலு சத்தம் வரக்கூடாது என்று உள்ளே பஞ்சு வைக்கிறவர்கள், தெரிந்த முகம் கண்ணில் படக்கூடாது என்று பக்கத்து மாவட்ட ஏ.ஆர்.டி. மையத்துக்குப் பஸ் ஏறுகிறவர்கள் என்று எத்தனையோ பேரின் ரகசியம் அவர் மனசுக்குள் இருக்கிறது. வருஷக்கணக்கில் அதை ஒருத்தர் தனியாகச் சுமக்கிறார். மாதம் ஒரு தடவை மனம்விட்டுப் பேச, சந்தேகம் கேட்க, அனுபவமுள்ள ஒரு ஆலோசகரோ டாக்டரோ அவருக்கு இருக்க வேண்டாமா?

அந்த ஆலோசகர்களின் நிலைமையும் சரியில்லை. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையங்களில் உட்கார்ந்து, உலகமே இடிந்துபோனது போல் வரும் ஒருவரிடம் முடிவைச் சொல்லி, அவரை எழுப்பி மருந்துக்கு அனுப்புகிறவர்கள் அவர்கள். இந்த வேலை பெரும்பாலும் தொகுப்பூதியத்தில், ஒப்பந்தத்தில்தான் ஓடுகிறது. ஒரு ஆலோசகர் வேலையை விட்டுப் போனால் அவரை நம்பி வந்துகொண்டிருந்த நோயாளிகள் சிலர் மருந்தையே விட்டுவிடுகிறார்கள்.

2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டபோது தமிழ்நாடே அதிர்ந்தது. ரத்தம் கொடுத்த இளைஞருக்கு 2016-இலேயே தொற்று தெரிந்திருந்தும் அவரிடம் சொல்லவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. பின்னால் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். ரத்த வங்கி ஊழியர்கள் மேல் நடவடிக்கை எடுத்தார்கள், தப்புக்கு நடவடிக்கை வேண்டியதுதான். ஆனால் முடிவு தெரிந்தபோதே அந்த இளைஞரைத் தேடிப் போய்ப் பக்குவமாகச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் அந்தப் பெண்ணும் தப்பியிருப்பார், அவரும் இன்றைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு உயிரோடு இருந்திருப்பார். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதைச் செலவு என்று எப்படிச் சொல்ல முடியும்?

யாருமே பேசாத ஒருவர் மிச்சம் இருக்கிறார், துப்புரவுப் பணியாளர். பிரசவ அறையில் சிந்திய ரத்தத்தைத் துடைப்பதும், நஞ்சுக்கொடியை எடுத்துப் போவதும், குப்பை வாளியில் யாரோ அப்படியே போட்ட ஊசி கையில் ஏறுவதும் அவருக்குத்தான். நிறைய இடங்களில் அவர் ஏஜென்சி ஆள், பயிற்சிப் பட்டியலிலேயே பெயர் வராது. ஹெபடைடிஸ் பி வைரஸ் எச்.ஐ.வி.யை விடப் பல மடங்கு சுலபமாக ஊசி வழியாகப் பரவும், தடுப்பூசி போட்டால் தப்பிக்கலாம். உங்கள் ஊர் பி.எச்.சி.யில் அவருக்கு அந்த மூன்று டோஸும் போட்டாகிவிட்டதா, கனமான ரப்பர் கையுறை கொடுத்திருக்கிறார்களா, ராத்திரியில் ஊசி குத்தினால் முதல் மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது என்று அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். மருத்துவ அலுவலர் சங்கடப்பட மாட்டார். மேலே எழுதிக் கேட்பதற்கு ஒரு தீர்மானம் கையில் இருந்தால் அவருக்கும் நல்லதுதான்.